அடுப்பின் வாய்

எங்களுக்கு ஒதுக்கிய இடம் இருநூற்று நாற்பது சொல்.
தலைப்பிலேயே ஒன்பது போயிற்று:
மூன்று மொழியில் மூன்று பெயர் இந்தக் கல்லூரிக்கு,
எது முதலில் என்று
இரண்டு செவ்வாய்க்கிழமைகள் சண்டையிட்டோம்.

1622 என்கிறார் ஓடோன், வாயிற்கல்லில் இருக்கிறதாம்.
1648 என்கிறாள் ஹெட்விக், பத்திரத்தில் இருக்கிறதாம்.
கல் பொய் சொல்லாது என்று அவர் குரலை உயர்த்த,
அந்தக் கல்லை 1890இல் செதுக்கியவனுக்குக் கொடுத்த
கூலி ரசீதைக் கைப்பையிலிருந்து எடுக்கிறாள் அவள்.
வெளியே டிரான்சில்வேனியாவின் பனி
யார் பக்கமும் சேராமல் பெய்கிறது.

இளவரசர் ஓர் இரவு தங்கியது: நீக்கம்.
அவர் தங்கிய வீடுகள் எங்கள் மாவட்டத்தில் மட்டும் பதினொன்று;
இவ்வளவு தூங்கியவர் எப்போது ஆண்டார்?
முதல்வர்கள் நாற்பத்து மூவர்: ஐவர் போதும்.
இங்கே படித்த தளபதி: இருக்கட்டும்,
எந்தப் பக்கம் போரிட்டார் என்பதை மட்டும் விட்டுவிடலாம்.
தீ இரண்டு முறை. காலரா ஒரு முறை.

களஞ்சியம் என்று பெயர் வைத்துவிட்டு
நெல்லை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோமோ
என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். சொல்லமாட்டேன்.
தொகுப்பாசிரியர் நான்தான்.

அவ்ராம் வந்தது அப்போதுதான்.
வெந்நீர்க் குழாய் பதிக்கிறவர், தொப்பியைக் கழற்றவில்லை.
போர்வையில் சுற்றிய ஒரு சிறு கதவை
எங்கள் காகிதங்களின் மேலேயே வைத்தார்.
இரண்டாம் வகுப்பறையின் பழைய ஓட்டு அடுப்பை
இடித்தபோது கிடைத்ததாம்:
தாழ்வாரத்தில், விறகு மாடத்தின் கதவு.
அதன் உட்புறம் முழுக்கக் கரிக்கட்டி எழுத்து.

லத்தீன் வினைச்சொற்கள்.
நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்.
அறிகிறேன், அறிகிறாய்.
ஓடோன் நாற்பது ஆண்டு லத்தீன் திருத்தியவர்,
பழக்கத்தில் சிவப்புப் பென்சில் கையில் ஏறிவிட்டது.
பிறகு அது அந்தரத்தில் நின்றது.
விகுதி ஒன்றுகூடத் தப்பில்லை.
எழுத்துத்தான் முழுவதும் தப்பு,
காதில் எப்படி விழுமோ அப்படி.
"புத்தகத்தைப் பார்த்தவன் இப்படி எழுதமாட்டான்" என்றார்.
"சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவர்கள்தான்."

ஹெட்விக் அடுத்த வாரம் ஒரு சமையல் கணக்கோடு வந்தாள்.
1873, விறகு போடுபவன் மொழ்னார், ரொட்டி ஒன்று.
அவன் மகள், ரொட்டி அரை.
பெயர் இல்லை.

"அவள்தான் எழுதினாள் என்பதற்கு என்ன ஆதாரம்?"
என்று கேட்டார் ஓடோன். "ஏதோ பையனின் குறும்பாக இருக்கலாம்."
சரியான கேள்வி.
கதவையும் அரை ரொட்டியையும் இணைக்க
எங்களிடம் இருந்தது ஆசை மட்டுமே.
ஆசையை அடிக்குறிப்பில் போட முடியாது.

அன்றிரவு தளபதியின் பதக்கங்களை அடித்தேன்.
ஆறு சொல் மிஞ்சியது.
அந்த இடத்தில் எழுதினேன், கட்டடம் என்ற பத்தியில்:
வகுப்பறை அடுப்புகளில் விறகிடும் வாய்
வெளியே, தாழ்வாரத்தில் இருந்தது.

இதற்கு ஆதாரம் உண்டு. வரைபடம் உண்டு.
ஒருவர்கூடப் படிக்காமல் தாண்டிப் போகலாம்.
அல்லது ஒருவர், என்றாவது,
வெளியே என்ற சொல்லில் சற்று நின்று,
அங்கே யார் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று
கேட்கவும் கூடும்.

ஓடோன் விரலால் எண்ணினார்,
தினமும் ரயில் நேரம் பார்க்கிறவர்போல.
"இருநூற்று நாற்பத்தொன்று. ஒன்று கூடுதல்."
எது வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.
அவரே சிவப்புப் பென்சிலை எடுத்தார்,
இருந்தது என்பதை மட்டும் அடித்தார்.

கதவை எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை.
என் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன்,
கரி உதிராமல், எழுத்து சுவரைப் பார்க்க.